‘நான் ஒண்ணும் பண்ணலையே!’

விருதுநகரில் சின்னதாக ஓர் அலுவலகம் வைத்துக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். பருப்பு, எண்ணெய், மிளகாய் வற்றல் வியாபாரிகள்தான் பெரும்பாலும் என்னிடம் வருகிறவர்கள். ஜிஎஸ்டிக்கு மாதாமாதம் 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரம் (ஜிஎஸ்டிஆர்-1), 20ஆம் தேதிக்குள் வரிக் கணக்கு (ஜிஎஸ்டிஆர்-3பி). என் மாதம் ஓடுவது இந்த இரண்டு தேதிகளை வைத்துத்தான். 20ஐத் தாண்டினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், கட்டாத வரிக்கு 18 சதவீத வட்டி. பணம்கூடப் பரவாயில்லை. “உங்ககிட்ட கொடுத்தும் ஃபைன் கட்டணுமாக்கா?” என்று கேட்பார்கள் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியாது.

அப்படி ஒரு 18ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் ஐந்தரை மணிக்கு என் லேப்டாப்பில் நெட் போனது.

வைஃபை போகவில்லை, கவனியுங்கள். வைஃபை சின்னம் இருக்கிறது. கோடுகள் நிறைய இருக்கின்றன. பாஸ்வேர்டைக் கேட்கிறது, கொடுத்தால் வாங்கிக்கொள்கிறது. கொஞ்ச நேரம் யோசிக்கிறது. அப்புறம் ‘இணையம் இல்லை’ என்று ஒரு வரி. அதே அறையில் என் போன் அதே வைஃபையில் ஜம்மென்று ஓடுகிறது. உதவிக்கு இருக்கும் பெண்ணின் மேசைக் கணினி அதே ரௌட்டரிலிருந்து ஒயரில் போகிறது, அதுவும் ஓடுகிறது. என் லேப்டாப் மட்டும் தனியாக நிற்கிறது.

“அந்த கம்ப்யூட்டர்லயே ஃபைல் பண்ணிடலாமேக்கா” என்றாள் அவள். சின்னக் கடைகளுக்குச் சரி, போனுக்கு வரும் ஓடிபியைப் போட்டு முடித்துவிடலாம். அன்றிரவே பாதியை அப்படித்தான் முடித்தாள். ஆனால் இரண்டு பிரைவேட் லிமிடெட் கம்பெனிகள் இருந்தன. கம்பெனிக்கு டிஜிட்டல் கையெழுத்து கட்டாயம். அந்தக் கையெழுத்து இருக்கும் யூஎஸ்பி டோக்கனுக்கான மென்பொருள், அதோடு பேசும் மென்பொருள், கணக்குத் தரவு எல்லாம் என் லேப்டாப்பில். அந்தப் பழைய மேசைக் கணினியில் கெடு நெருங்கும் நேரத்தில் இதையெல்லாம் புதிதாக ஏற்றிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ரௌட்டரை அணைத்துப் போட்டேன். மற்ற இரண்டும் ஓடும்போது ரௌட்டரில் என்ன கோளாறு இருக்கப்போகிறது? இருந்தாலும் கை சும்மா இருக்காது. லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். வைஃபையை ‘மறந்துவிடு’ என்று சொல்லி மறுபடி சேர்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

என் அக்கா மகன் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்கிறான். அவனுக்குப் போன் போட்டேன்.

“சித்தி, கடைசியா என்ன பண்ணீங்க?”

“நான் ஒண்ணும் பண்ணலையே! அப்டேட் கேட்டுச்சு, ரீஸ்டார்ட் குடுத்தேன். அவ்வளவுதான்.”

இந்த வரியை அடுத்த 24 மணி நேரத்தில் மூன்று பேரிடம் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் மனதறிந்து உண்மை என்று நினைத்துத்தான் சொன்னேன்.

அப்டேட் என்றதும் எல்லோருக்கும் விடை கிடைத்துவிட்டது. அவன் அப்டேட்டை நீக்கச் சொன்னான். செட்டிங்ஸ், விண்டோஸ் அப்டேட், அப்டேட் ஹிஸ்டரி, அன்இன்ஸ்டால். அது நிதானமாக ஒரு சக்கரத்தைச் சுற்றவிட்டு, இரண்டு தடவை அணைந்து எழுந்தது. நெட் வரவில்லை. அப்புறம் டிஎன்எஸ் ஆக இருக்கும் என்று கூகுளின் டிஎன்எஸ் எண்ணான 8.8.8.8ஐப் போடச் சொன்னான். போட்டேன். அதற்கும் வரவில்லை. அவனுக்கு மறுநாள் காலை இன்டர்னல் பரீட்சை. “நாளைக்கு பாக்கலாம் சித்தி” என்று வைத்துவிட்டான்.

அன்றிரவு நாங்கள் செய்த தப்பு என்னவென்று இப்போது தெரிகிறது. எங்கே அறுந்திருக்கிறது என்று பார்க்காமல், எங்கே அறுந்திருக்கும் என்று ஊகித்து ஊகித்துத் தைத்துக்கொண்டிருந்தோம். டிஎன்எஸ் என்பது பெயரை எண்ணாக மாற்றிக் கொடுக்கும் ஏற்பாடு. லேப்டாப்புக்குத் தெருவிலேயே இறங்க முடியவில்லை என்றால், டெலிபோன் டைரக்டரியை மாற்றி என்ன ஆகப் போகிறது?

புதன்கிழமை காலை கடைக்குக் கொண்டுபோனேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சர்வீஸ் கடை. தம்பி நல்ல பையன், அதைச் சொல்லத்தான் வேண்டும். வைஃபை கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரை நீக்கிவிட்டுப் புதிதாக ஏற்றினான். அப்புறம் செட்டிங்ஸில் ‘நெட்வொர்க் ரீசெட்’ என்று ஒன்று இருக்கிறதே, அதை அழுத்தினான். அழுத்துவதற்கு முன் என்னிடம் கேட்கவில்லை. இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். ஐந்து நிமிடத்தில் லேப்டாப் தானே அணைந்து எழுந்தது. கடை வைஃபையிலும் அதே கதை: சேர்கிறது, இணையம் இல்லை.

“அக்கா, வைஃபை கார்டு போயிருச்சு. சிக்னல் எடுக்குது, டேட்டா போக மாட்டேங்குது. ஆர்டர் போட்டா வெள்ளிக்கிழமை வந்துரும். 1,800 ஆகும்.”

வெள்ளிக்கிழமை 21ஆம் தேதி. பார்த்ததற்கு 300 ரூபாய் கொடுத்துவிட்டு, கார்டைப் பிறகு சொல்கிறேன் என்று லேப்டாப்பை வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

கார்டு போனால் போகட்டும், போனை ஒயரில் மாட்டி நெட் எடுத்துக்கொள்ளலாம் என்று வழியில் தோன்றியது. யூஎஸ்பி டெதரிங். சார்ஜர் ஒயரையே லேப்டாப்பில் செருகி, போன் செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் பக்கத்தில் இருக்கும் அந்தச் சுவிட்சைப் போட்டால், லேப்டாப் அதைப் புது ஒயர் இணைப்பாக எடுத்துக்கொள்ளும். வைஃபை கார்டுக்கு அதில் வேலையே இல்லை. மானத்தைக் காப்பாற்ற இது போதும் என்று நினைத்துக்கொண்டு செருகினேன்.

‘ஈதர்நெட் 2’ என்று புது இணைப்பு வந்தது. கொஞ்ச நேரம் யோசித்தது. ‘இணையம் இல்லை.’

எனக்குக் கோபம் வருவதற்குப் பதிலாக ஏதோ ஒன்று சட்டென்று உறைத்தது. வைஃபை கார்டு போச்சு என்றால், ஒயருக்கு என்ன வந்தது? கார்டு வேறு, ஒயர் வேறு. வழி வேறு, ரௌட்டர் வேறு. ஒன்றில் அலுவலக ரௌட்டர், இன்னொன்றில் என் போனே ரௌட்டர். இரண்டுக்கும் பொதுவாக இருப்பது லேப்டாப்புக்குள் இருக்கும் விண்டோஸ் மட்டும்தான். கணக்கில் இரண்டு வேறு புத்தகத்தில் ஒரே தொகை இடித்தால், தப்பு இரண்டு புத்தகத்திலும் இருக்காது. இரண்டுக்கும் தொகையை எடுத்த ஒரே இடத்தில் இருக்கும். அதே நியாயம்.

இதை மட்டும் யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் அப்டேட்டையும் நீக்கியிருக்க மாட்டேன், பஸ் ஸ்டாண்டுக்கும் போயிருக்க மாட்டேன். லேப்டாப்பில் நெட் இல்லை, போனில் இருக்கிறது என்றால், அடுத்துச் செய்ய வேண்டியது லேப்டாப்பை வேறு ஒரு வழியில் இணைத்துப் பார்ப்பது. யூஎஸ்பி ஒயரில் வந்துவிட்டால் சந்தேகம் வைஃபை பக்கம்: கார்டு, கார்டின் டிரைவர், ரௌட்டரின் ஏதாவது அமைப்பு. ஒயரிலும் வரவில்லை என்றால் கழற்றும் வேலையை நிறுத்திவிடலாம், பெரும்பாலும் மென்பொருள்தான். ஐந்து நிமிட வேலை, காசு இல்லை.

மத்தியானம் பரீட்சை முடிந்து அக்கா மகன் கூப்பிட்டான். நான் கண்டுபிடித்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

“சித்தி, அப்ப சிஎம்டி திறங்க. ஐபிகான்ஃபிக் அடிங்க.”

கறுப்புத் திரை. கணினியின் முகவரிகளைக் காட்டும் கட்டளை அது. வைஃபை என்கிற தலைப்பின் கீழே ஐபிவி4 முகவரி என்கிற வரியில் 169.254 என்று ஆரம்பித்து ஓர் எண். ஒயர் இணைப்பின் கீழேயும் 169.254. கேட்வே, அதாவது வெளியே போகும் வாசலான ரௌட்டரின் எண், வர வேண்டிய இடம் இரண்டிலும் காலி.

இந்த 169.254 என்னவென்று அவன் சொன்ன விளக்கம் எனக்குப் பிடித்திருந்தது. ஒரு கணினி வைஃபையில் சேர்ந்ததும் முதலில் செய்வது, ‘எனக்கு ஒரு முகவரி கொடுங்க’ என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஒரு சத்தம் போடுவது. ரௌட்டர் அதைக் கேட்டு, ‘இந்தா, 192.168.1.7, வச்சுக்கோ’ என்று கொடுக்கும். இதற்கு டிஹெச்சிபி என்று பெயர். கேட்டுக் கேட்டுப் பார்த்தும் பதிலே வரவில்லை என்றால், கணினி தானே 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரியை எடுத்து வைத்துக்கொள்ளும். அந்த வரிசையே அதற்காக ஒதுக்கி வைத்ததுதான். அதை வைத்துக்கொண்டு வெளியே எங்கேயும் போக முடியாது. ரேஷன் கார்டு கிடைக்காதவர் தானே ஒரு நம்பரை எழுதிக்கொண்டு கடைக்குப் போவது போல.

ஆகவே 169.254 தெரிந்தால் செய்தி இதுதான்: நான் கேட்டது ரௌட்டருக்குப் போகவில்லை, அல்லது ரௌட்டர் சொன்னது எனக்கு வரவில்லை. பிரவுசரைக் குறை சொல்லிப் பயனில்லை. டிஎன்எஸ் மாற்றிப் பயனில்லை. அதெல்லாம் முகவரி கிடைத்த பிறகு வரும் சங்கதி.

“பிங் 127.0.0.1 அடிச்சுப் பாருங்க.” பிங் என்பது ஒரு முகவரியைத் தட்டி ‘இருக்கிறாயா?’ என்று கேட்பது. அடித்தேன். நான்கு பதில் வரிசையாக வந்தது. அது கணினி தன் தோளைத் தானே தட்டிப் பார்ப்பது. பிணையத்துக்கான அடிப்படை மென்பொருள் உயிரோடு இருக்கிறது என்று மட்டும் அர்த்தம். ஆக, உள்ளே சரி, வெளியே சரி, நடுவில் எதுவோ வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறது.

“கண்ட்ரோல் பேனல் போங்க சித்தி. நெட்வொர்க் அண்ட் ஷேரிங் சென்டர். இடது பக்கம் ‘சேஞ்ச் அடாப்டர் செட்டிங்ஸ்’. வைஃபை மேல ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ். அந்தப் பெட்டிய அப்படியே போட்டோ எடுத்து அனுப்புங்க. எதையும் தொடாதீங்க.”

சின்னப் பெட்டி. உள்ளே டிக் போட்ட வரிகள். மைக்ரோசாப்ட் நெட்வொர்க்குக்கான கிளையன்ட். கோப்பு, அச்சுப்பொறிப் பகிர்வு. பாக்கெட் ஷெட்யூலர். இணைய நெறிமுறை 4, இணைய நெறிமுறை 6. இவற்றுக்கு நடுவே ஒரு வரி, ஒரு ஆன்டிவைரஸின் பெயரோடு, கடைசியில் ‘ஃபில்டர்’ என்று.

போட்டோ எடுக்க போனைத் தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டேன். அந்த ஆன்டிவைரஸ் என் லேப்டாப்பில் இல்லை. அதைத்தான் நான் சனிக்கிழமை தூக்கிவிட்டேனே!

லேப்டாப் வாங்கும்போதே கூடவே ஒட்டிக்கொண்டு வந்த இலவச மாதிரிப் பதிப்பு அது. கெடு முடிந்ததிலிருந்து தினம் இரண்டு தடவை மூலையில் எட்டிப் பார்த்துப் பணம் கேட்டது. 15ஆம் தேதி சனிக்கிழமை, ஒரு ஸ்டேட்மென்ட் எடுக்கும் நேரத்தில் நடுவில் வந்து நின்றதும் பொறுமை போய் நீக்கிவிட்டேன். நீக்கி முடித்ததும் ‘இப்போது ரீஸ்டார்ட் செய்யவா, பிறகா?’ என்று கேட்டது. பிறகு என்று அழுத்தினேன். மறந்தும் போனேன்.

“மூணு நாள் நெட் நல்லாத்தானே இருந்துச்சு? தினம் ராத்திரி ஷட் டவுன் பண்ணிட்டுத்தானே போறேன்?” என்று கேட்டேன். இதற்கு அவன் சொன்ன பதில்தான் இந்த விவகாரம் முழுவதிலும் எனக்கு மிகவும் ஆச்சரியமாக இருந்தது. விண்டோஸ் 8 வந்ததிலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒரு வசதி இருக்கிறது. அது இயங்கும்போது ‘ஷட் டவுன்’ கொடுத்தால் கணினி முழுதாக அணைவதில்லை. நாம் திறந்து வைத்த மென்பொருள்களை மூடிவிட்டு, அடிவயிற்றில் இருக்கும் பகுதியை, டிரைவர்களோடு சேர்த்து, அப்படியே டிஸ்கில் எழுதி வைத்துக்கொள்கிறது. காலையில் அதை எடுத்து விரித்துக்கொள்கிறது, சீக்கிரம் எழ வேண்டும் என்பதற்காக. ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால்தான் எல்லாவற்றையும் கீழே வைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறது. அணைத்துப் போடுவதைவிட ரீஸ்டார்ட் லேசானது என்று நான் இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். தலைகீழ்.

சனிக்கிழமை நான் வெட்டியதன் விளைவு செவ்வாய்க்கிழமை ரீஸ்டார்ட்டில்தான் வெளியே வந்தது. நடுவில் வந்த அப்டேட், ரீஸ்டார்ட் கேட்டதைத் தவிர வேறு பாவம் செய்யவில்லை. ‘கடைசியா என்ன பண்ணீங்க’ என்று கேட்டபோது நான் அன்றைய மத்தியானத்தைத்தான் யோசித்தேன். போன ரீஸ்டார்ட்டுக்கு முந்தின நாட்களை யாரும் யோசிப்பதில்லை.

இப்படி நினைவை நம்ப வேண்டிய அவசியமே இல்லை என்பதும் பிறகு தெரிந்தது. விண்டோஸின் தேடல் கட்டத்தில் ‘ரிலையபிலிட்டி’ என்று ஆங்கிலத்தில் அடித்தால் ‘வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி’ என்று வரும். திறந்தால் நாள்வாரியாக ஒரு பேரேடு. எந்த நாளில் எதை ஏற்றினீர்கள், எதை நீக்கினீர்கள், எது முறிந்து விழுந்தது, எல்லாம் தேதி போட்டு இருக்கும். என்னுடையதில் சனிக்கிழமைக்கு நேரே அந்த ஆன்டிவைரஸ் நீக்கப்பட்டதாக ஒரு வரி இருந்தது. கணக்கு எழுதுகிறவளுக்குப் பேரேட்டைப் புரட்டத் தோன்றவில்லை என்பது வெட்கக்கேடுதான்.

நீக்கிய மென்பொருள் எப்படி நெட்டை மறிக்கும்? ஆன்டிவைரஸ், விபிஎன் (நெட்டைத் தனிப் பாதுகாப்பு வழியில் கொண்டுபோகும் மென்பொருள்) மாதிரி ஆசாமிகள் வந்துபோகும் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தையும் சோதிப்பதற்காக நெட்வொர்க் பாதையில் ஒரு வடிகட்டியை வைத்துவிடுகிறார்கள். வைஃபையானாலும் ஒயரானாலும், புதிதாக ஓர் இணைப்பு வந்தாலும், அதன் குறுக்கே போய் உட்கார்ந்துகொள்ளும். நீக்கும் வேலை பாதியில் நின்றுபோனால், உள்ளே உத்தரவு கொடுக்கும் மென்பொருள் போய்விடும், வடிகட்டி மட்டும் நின்றுவிடும். 2017இல் ஜிஎஸ்டி வந்ததும் மாநில எல்லையில் இருந்த வணிகவரிச் சோதனைச்சாவடிகளை எடுத்தார்கள் அல்லவா? அதிகாரிகளை எல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, குறுக்குக் கட்டையைத் தூக்க மறந்திருந்தால் லாரிகள் எப்படி நின்றிருக்கும்? அப்படி நின்றது என் லேப்டாப். வண்டியில் கோளாறு என்று ஒரு மெக்கானிக் வேறு 1,800 ரூபாய் சொல்லிவிட்டார்.

“அந்த டிக்கை மட்டும் எடுத்துட்டு ஓகே குடுங்க சித்தி. டிக்கை எடுக்கறது நல்லது. வேலை செய்யலைன்னா திரும்பப் போட்டுக்கலாம். முதல்லயே அன்இன்ஸ்டால் வேண்டாம்.”

டிக்கை எடுத்தேன். ஓகே. வைஃபை சின்னம் ஒரு நொடி மறைந்து வந்தது. ‘இணையம் இல்லை’ என்கிற வரி போய்விட்டது. ஐபிகான்ஃபிக் அடித்தேன். 192.168.1.7.

மொத்தம் நாலு நொடி. 18ஆம் தேதி சாயங்காலத்திலிருந்து 19ஆம் தேதி மத்தியானம் வரை திண்டாடியது ஒரு டிக்குக்காக.

அதோடு விட்டுவிடக் கூடாது என்றான். ஒயர் இணைப்பில் இன்னும் அந்த வடிகட்டி இருக்கிறது, நாளைக்கு வேறு டாங்கிள் செருகினால் அதிலும் வந்து உட்காரும். அந்தப் பெட்டியிலேயே அன்இன்ஸ்டால் பொத்தான் இருக்கிறது. அழுத்தினேன், முடியாது என்றது. ஆன்டிவைரஸ் தயாரிப்பவர்கள் பெரும்பாலும் இதற்கென்றே தனியாக ஒரு ‘நீக்கும் கருவி’ வைத்திருப்பார்கள். கண்ட்ரோல் பேனலில் நீக்கினால் போகாத மிச்சம் மீதியைத் துடைத்து எடுப்பதற்கு. தயாரித்தவரின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்க வேண்டும். தேடினால் முதலில் வந்து நிற்கும் விளம்பரத் தளங்களில் இறக்கினால் போன பேய் இரண்டு பேயாகத் திரும்பும். கருவியை ஓட்டி, இந்தத் தடவை உடனே ரீஸ்டார்ட் கொடுத்தேன். பெட்டியில் அந்த வரி இல்லை. ஆன்டிவைரஸ் இல்லாமல் இருக்கலாமா என்று கேட்டேன். வெளி ஆன்டிவைரஸ் போனதும் விண்டோஸின் சொந்த டிஃபெண்டர் தானே பொறுப்பை எடுத்துக்கொள்கிறதாம். பார்த்தேன், எடுத்திருந்தது.

அன்றிரவு பதினொன்றரைக்குள் இரண்டு கம்பெனிக்கும் டோக்கனைச் செருகிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.

இது முடிந்த பிறகு ஊரில் எனக்கு ஒரு பெயர் வந்துவிட்டது. ‘அக்காவுக்கு நெட் கோளாறு பார்க்கத் தெரியும்.’ தெரியாது. நான் செய்வதெல்லாம் வாசலிலிருந்து ஒவ்வொரு படியாக இறங்கிப் பார்ப்பது மட்டும்தான். ஐபிகான்ஃபிக்கில் நல்ல முகவரி இருக்கிறதா? அதில் கேட்வே என்று காட்டுகிற எண்ணுக்குப் பிங் போகிறதா? பல வீடுகளில் அது 192.168.1.1. அது போனால், 8.8.8.8க்குப் போகிறதா? அதுவும் போனால், ஒரு தளத்தின் பெயரைப் போட்டுப் பிங் செய்தால் எண் கிடைக்கிறதா? எந்தப் படியில் கால் வழுக்குகிறதோ அங்கேதான் பார்க்க வேண்டும். அதற்கு மேல் படியும் கீழ்ப் படியும் நம் நேரத்தைத் தின்னும். எண்ணுக்குப் போகிறது, பெயருக்குப் போகவில்லை என்றால், அப்போதுதான் டிஎன்எஸ். என் அக்கா மகன் முதல் ராத்திரி சொன்ன வைத்தியம் தப்பான வைத்தியம் இல்லை, வேறு வியாதிக்கு உள்ளது.

ஒரு பருப்பு மண்டிக்காரர் வீட்டில் எல்லாப் படியும் சரியாக இருந்தது. பிங் போகிறது, பெயர் கிடைக்கிறது. பிரவுசரில் மட்டும் எந்தப் பக்கமும் திறக்கவில்லை, ‘ப்ராக்ஸி’ என்று ஏதோ சொல்லிக்கொண்டு நின்றது. செட்டிங்ஸில் நெட்வொர்க் பக்கத்தில் ப்ராக்ஸி என்று ஒரு பகுதி. அதில் கையால் அமைக்கும் ப்ராக்ஸி ஆன் ஆகி, முகவரி 127.0.0.1 என்று இருந்தது. தன் தோளைத் தானே தட்டுகிற அதே எண். பிரவுசர் ஒவ்வொரு பக்கத்துக்கும் இதே லேப்டாப்பில் இருக்கும் ஒரு தரகரிடம் போய் நிற்கிறது. அந்தத் தரகர் பையன் இறக்கிய ஏதோ ஓர் இலவச மென்பொருள், அதை நீக்கி ஒரு வாரம் ஆகிறது. சுவிட்சை அணைத்தேன், காபி வருவதற்குள் முடிந்துவிட்டது. அவரும் முதலில் சொன்னது அதே வரிதான்.

இன்னொரு வீட்டில் விபிஎன். வேலைக்காக ஒரு விபிஎன் போட்டிருந்தார்கள், அதில் ‘கில் சுவிட்ச்’ என்று ஓர் ஏற்பாடு. விபிஎன் இணைப்பு அறுந்தால் மொத்த நெட்டையும் அது நிறுத்திவிடும், பாதுகாப்புக்காக. விபிஎன்னைத் திறந்து முறையாக அந்த ஏற்பாட்டை அணைத்துவிட்டு வெளியே வரவேண்டும். சும்மா மூடினால் கதவைப் பூட்டிவிட்டுச் சாவியோடு போன மாதிரி.

தூங்கவிட்டு எழுப்பினால் மட்டும் வைஃபை போகிறது என்றால் டிவைஸ் மேனேஜரில் வைஃபை அடாப்டரைத் திறந்து, ‘பவர் மேனேஜ்மென்ட்’ பக்கத்தில் மின்சாரம் மிச்சம் பிடிக்க இதை அணைக்கலாம் என்று இருக்கும் டிக்கை எடுத்துப் பார்க்கலாம். எல்லா லேப்டாப்பிலும் அந்தப் பக்கம் இருப்பதில்லை. கணினியின் தேதி வருஷக்கணக்கில் பின்னால் போய்விட்டாலும் எந்தத் தளமும் திறக்காது, பாதுகாப்பு இல்லை என்று மிரட்டும். மூலையில் கடிகாரத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இப்போது அந்த நெட்வொர்க் ரீசெட்டுக்கு வருகிறேன். சிலருக்கு அதிலேயே எல்லாம் சரியாகிவிடுகிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். என் லேப்டாப்பில் அந்த வடிகட்டி அதற்கும் அசையவில்லை. ஆனால் மற்றதையெல்லாம் துடைத்துவிட்டது. ஒரு கம்பெனியின் கணக்கை வெளியிலிருந்து பார்க்க அவர்கள் அமைத்துக் கொடுத்திருந்த விபிஎன் போய்விட்டது. அவர்களுடைய ஆளைக் கெஞ்சி மறுபடி போட வைக்க நாலு நாள் ஆனது. சேமித்து வைத்திருந்த வைஃபை பாஸ்வேர்டுகள் போய்விட்டன. வாடிக்கையாளர் வீடுகளில் ஒவ்வொருவரிடமும் ‘பாஸ்வேர்டு என்னங்க’ என்று மறுபடி கேட்டேன், பாதிப் பேருக்கு அவர்களுக்கே தெரியவில்லை. ரீசெட் என்பது கடைசியில் எடுக்க வேண்டிய ஆயுதம். எடுப்பதற்கு முன் விபிஎன் விவரம், கையால் போட்ட முகவரிகள், பாஸ்வேர்டுகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். போனில் அந்தந்தப் பெட்டியைப் போட்டோ எடுத்தாலும் போதும். நான் இப்போது ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். லேப்டாப்பில் எதை ஏற்றினாலும் நீக்கினாலும் தேதியோடு ஒரு வரி. ரீஸ்டார்ட் கொடுத்தேனா என்று பக்கத்தில் ஒரு டிக்.

ரீசெட் செய்த இன்னொரு வேலை எனக்கு மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது. சேர்ந்திருந்த வைஃபை எல்லாவற்றையும் அது ‘பொது இடம்’ என்று மாற்றி வைத்துவிடுகிறது. பஸ் ஸ்டாண்டு வைஃபையில் இருப்பது போல லேப்டாப் தன்னை மறைத்துக்கொள்ளும். பகிர்ந்து வைத்த கோப்புறை பக்கத்துக் கணினிக்குத் தெரியாது. எங்கள் அலுவலகத்தில் என் லேப்டாப்பில் இருக்கும் ஒரு கோப்புறையைத்தான் அவளுடைய மேசைக் கணினியில் திறந்து பில்களைப் பதிவோம்.

அடுத்த மாதம் 10ஆம் தேதி அவள் ஒரு பென்டிரைவோடு என் மேசைக்கு வந்தாள். செருகினாள், எதையோ எடுத்துக்கொண்டாள், போனாள். கால் மணி நேரத்தில் மறுபடி வந்தாள்.

“என்னம்மா இது?”

“பில் எடுக்கறேன்க்கா. அந்த ஃபோல்டர் இப்ப வர்றதில்லையே. கோளாறு ஆனதுல இருந்து நீங்கதான் பாதுகாப்புக்காக மூடி வச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்.”

“நான் ஒண்ணும்…” என்று ஆரம்பித்தவள், செட்டிங்ஸைத் திறந்தேன். வைஃபை, பிராப்பர்ட்டீஸ், நெட்வொர்க் வகை. பப்ளிக் என்று இருந்ததைப் பிரைவேட் ஆக்கினேன். அவள் பென்டிரைவைக் கழற்றி என் மேசையில் வைத்துவிட்டு, தன் இடத்துக்குப் போய்க் கோப்புறையைத் திறந்து பார்த்து, “வந்துருச்சுக்கா” என்றாள்.